மூடிய கைக்குக் கூலி இல்லை

ஏழேரி நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று திட்டவட்டமாகச் சொல்வதற்கில்லை. மழை பெய்தால் அங்கே ஏழு ஏரிகளும் நிறையும்; பெய்யாவிட்டால் ஏழு அமைச்சர்கள் அறிக்கை விடுவார்கள். அரசரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அரசர் செய்வதெல்லாம் தாங்களே தங்களுக்குச் செய்துகொண்டது என்று எண்ணி, யார் மீதும் கோபப்படாமல் வாழ்ந்துவந்தார்கள். நல்ல ஜனங்கள். கொஞ்சம் தேவைக்கு மீறியே நல்ல ஜனங்கள்.

ஏழில் பெரியதற்குப் பேரேரி என்று பெயர். அதன் நடுவில் ஒரு திட்டு உண்டு. தானாக முளைத்த திட்டு அல்ல. பல தலைமுறைகளுக்கு முன்னால் நாட்டை ஆண்ட ஓர் அரசி ஒரு பல்கலைக்கழகம் கட்ட ஆசைப்பட்டாள். எங்கே கட்டுவது என்பதில் சிக்கல் வந்தது. எவருடைய நிலத்தில் கட்டினாலும் நாளைக்கு அவருடைய பேரன் வந்து, "இது எங்கள் தாத்தா போட்ட பிச்சை" என்பான். அரசி யோசித்தாள். வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுவாருங்கள் என்று பறையறைந்தாள். மண்ணை ஏரிக்கு நடுவே கொட்டக் கொட்ட, ஒருநாள் தண்ணீருக்கு மேலே தரை தலைகாட்டியது. அந்தத் தரையின் மேல்தான் பல்கலைக்கழகம் எழுந்தது. எந்தக் கூடை மண் எவர் வீட்டு மண் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அரசிக்கு வேண்டியதும் அதுதான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். திட்டில் படிக்கத் தேர்வானவர்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும். படித்துறையில் இறங்கியதும் அதை அங்கேயே போட வேண்டும். போட்டால் சேர்ந்தாகிவிட்டது. வேறு கட்டணம் கிடையாது. பிடிமண்ணோடு வரும் பிள்ளைகளிடம் படகுக்காரர்களும் கூலி வாங்கமாட்டார்கள். "மூடிய கைக்குக் கூலி இல்லை" என்பது அவர்கள் பேச்சு.

செங்கோதை அப்படி ஒரு மூடிய கையோடுதான் படகேறினாள். அவள் ஊர் சுண்ணாம்புத்துறை. அப்பாவும் அம்மாவும் காளவாயில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பவர்கள். சொந்த நிலம் என்று ஒரு சாண் கிடையாது. குடியிருந்த வீடும் வாடகை வீடு. வாடகை வீட்டு வாசல் மண் செல்லுமா என்ற பயம் அவளுக்கு இருந்தது. படித்துறையில் நின்ற பணியாளர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையும் சாம்பலுமாக, மண் என்று சொல்லக் கூசும் ஒரு மண். அவர் மண்ணின் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதே படகில் எதிரே ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்தான். கார்மேகன் என்று பெயர். கரையில் நின்ற அம்மாவுக்குக் கையசைக்கிறேன் என்று பிடித்திருந்த கையை விரித்துவிட்டான். மண் தண்ணீரில் போய்விட்டது. ஏழேரி நாட்டுப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேராவது செய்வார்கள். செங்கோதை தன் கையைத் திறந்து பாதியை அவன் கையில் கொட்டினாள்.

"அரைப்பிடி போதுமா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"கையை மூடிக்க. மூடின கைக்குள்ள எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

இருவரும் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களைச் செங்கோதை இன்றும் நினைத்து ஏங்குவாள். திட்டுக்கு ஊர்கள் முறைவைத்துச் சோறு அனுப்பின. மீன்துறைக்காரர்கள் முறை என்றால் பிள்ளைகள் விடியும்போதே தட்டைக் கழுவி வைத்துவிடுவார்கள். கடலைக்காட்டுக்காரர்கள் முறையில் எல்லாவற்றிலும் கடலை, மோரில்கூட. சாப்பாட்டுக் கூடம் திட்டின் பின்பக்கம் இருந்தது. அதை ஒட்டி ஒரு வரிசைப் புன்னை மரங்கள். சாப்பிட்டதும் அந்த நிழலில் ஆரம்பிக்கும் வாக்குவாதம் சாயங்காலம்வரை ஓயாது. பூமி சுற்றுகிறதா, அரசன் தேவையா, கவிதைக்கு இலக்கணம் வேண்டுமா என்று வாய் வலிக்கப் பேசுவார்கள். பண்ணையார் மகன் தட்டுக் கழுவும் தொட்டியில் சுண்ணாம்புக்காரி மகளும் கழுவினாள். அதை யாரும் புரட்சி என்று சொல்லவில்லை. தொட்டி ஒன்றுதான் இருந்தது.

படித்து முடித்த செங்கோதை சுண்ணாம்புத்துறைக்கே திரும்பிப் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். காளவாயில் வேலை பார்த்த மருதப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தாழை என்று ஒரு மகள் பிறந்தாள். கார்மேகன் தலைநகரத்துக்குப் போனார். போனவர் படிப்படியாக உயர்ந்து கல்வி அமைச்சர் கார்மேகனார் ஆனார்.

அமைச்சரானதும் அவர் செய்த முதல் காரியத்தை நாடே மெச்சியது. அரசவையில் எழுந்து நின்று அவர் பேசினார்:

"மாமன்னரே! பிடிமண் முறையில் ஒரு மாபெரும் அநீதி ஒளிந்திருக்கிறது. ஒருவர் கை பெரிது, ஒருவர் கை சிறிது. பெரிய கைக்காரர் அதிகம் கொடுக்கிறார். சிறிய கைக்காரர் குறைவாகக் கொடுத்து அதே கல்வியைப் பெறுகிறார். இது சமத்துவத்துக்கு விரோதம்."

அரசர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை காலம் இது தெரியாமல் போனதே என்று வருந்தினார். இனி எல்லோரும் ஒரு மரக்கால் மண் கொண்டுவர வேண்டும் என்று சட்டமாயிற்று. சமத்துவம் வந்தது என்று தெருத்தெருவாகச் சர்க்கரை கொடுத்தார்கள். ஒரு மரக்கால் மண் யார் வீட்டில் இல்லை? ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த அறுவடைக்குள் மரக்கால் கூடையாயிற்று. எளிதில் வருவதை மாணவர்கள் மதிப்பதில்லை, சுமந்தால்தான் கல்வியின் கனம் தெரியும் என்று அமைச்சர் விளக்கினார். கூடை சுமந்து வந்த பிள்ளைகளிடம் படகுக்காரர்களும் கூலி கேட்டார்கள். அவர்கள் பேச்சு கைக்குத்தான், கூடைக்கு அல்ல. அதற்கடுத்த வருஷம் கூடை வண்டியாயிற்று. உலகத் தரம் என்று ஒன்று இருப்பதாகவும், அதை எட்ட ஒரு வண்டி மண்ணாவது வேண்டும் என்றும் வெளிநாடு சென்று திரும்பிய ஒரு குழு சொல்லியிருந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பிடிமண்ணில் படித்தவர்கள்.

வண்டிக்குப் பின்னால் இன்னொரு ஆணை வால்போல் வந்தது. மண் எந்த மண்ணாகவும் இருந்துவிடக் கூடாதாம். வாசல் மண், தெருமண், களர்மண், காளவாய் மண் எல்லாம் தகுதியற்றவை. ஆற்றோரத்து வண்டல் மட்டுமே செல்லும். வண்டல் நிலம் யாரிடம் இருந்தது என்பதை ஏழேரி நாட்டில் பிறந்த குழந்தைக்கும் சொல்லத் தேவையில்லை.

இப்போதுதான் ஜனங்கள் லேசாக முணுமுணுத்தார்கள். அரசுக்கு அது எட்டியது. அரசு உடனே மனமிரங்கியது. ஏழை மாணவர் ஒவ்வொருவருக்கும் மண்வெட்டி இலவசம் என்று அறிவித்தது. காம்பில் அரசரின் முகம் பொறித்த, நல்ல உறுதியான மண்வெட்டி. வெட்டுவதற்கு மண்தான் இல்லை. ஆனாலும் கொடுக்கிறவர் கையைக் குறை சொல்லலாமா? வாங்கியவர்கள் அதைச் சுவரில் சாத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வந்ததுதான் மண்கடன். அதை அறிவித்த நாளில் அமைச்சர் கார்மேகனார் கண்கலங்கினார் என்று அரண்மனைச் செய்தி சொன்னது.

"மண் இல்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளையும் திட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. ஒரு வண்டி வண்டலை அரசே கடனாகத் தரும். படித்து முடித்தபின் சிறுகச் சிறுகத் திருப்பித் தரலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மண் உயிருள்ள பொருள். ஒரு நெல்லைப் போட்டால் ஒரு கதிரைத் தருவது. ஆகவே கடனாகப் போன மண்ணும் ஆண்டுதோறும் வளரத்தான் செய்யும். அந்த வளர்ச்சியை நாங்கள் விதிக்கவில்லை. இயற்கை விதித்தது."

இயற்கையை எதிர்த்து யார் வழக்குப் போட முடியும்? பிள்ளைகள் கடன் வாங்கினார்கள். சுண்ணாம்புத்துறையிலிருந்து முதலில் வாங்கியவன் செங்கோதையின் பக்கத்து வீட்டு இளங்குமணன். கணக்கில் புலி. படித்து முடித்ததும் அவனுக்கு மண்கடன் அலுவலகத்திலேயே வேலை கிடைத்தது. மற்றவர்களுடைய மண் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடும் வேலை. மாலையானால் தன் கடனுக்காக மண் வியாபாரிகளிடம் வண்டல் வாங்கி வண்டியில் இழுத்துப் போவான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் உட்காரும்போது அவன் அம்மா விசிறிவிடுவாள்.

"இன்னும் எவ்வளவுப்பா இருக்கு?"

"ஆரம்பத்துல ஒரு வண்டி இருந்துச்சும்மா. நாலு வருஷமா கட்டினதுல இப்ப ஒன்றரை வண்டியா இருக்கு" என்பான் அந்தக் கணக்கில் புலி.

இந்த நிலைமையில்தான் தாழை திட்டுக்குத் தேர்வானாள். நீர்நூல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஏரி எப்படி நிறைகிறது, கரை ஏன் உடைகிறது, மதகைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு வீட்டில் இருப்பவர்கள் உயிரை எடுத்தவள். ஏழு ஏரி உள்ள நாட்டுக்கு இப்படிப்பட்ட பெண் கிடைத்தால் தோரணம் கட்ட வேண்டும். நாடு அவளிடம் ஒரு வண்டி வண்டல் கேட்டது. அடுத்த பௌர்ணமிக்குள் கொட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். போய்விட்டால் தாழைக்கு மிச்சம் இருப்பது காளவாய்ப் புகைதான். அந்தப் புகையில் மருதப்பன் இருமும் இருமலைக் கேட்டுக் கேட்டுச் செங்கோதை பல ராத்திரிகள் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

"கடன் வாங்கிடலாம்மா. எல்லாரும் வாங்குறாங்க" என்றாள் தாழை.

"இளங்குமணன் வண்டி இழுக்கிறத நீ பாக்கலையாடி?"

"பாத்தேன். அதுக்குன்னு படிக்காம இருக்கச் சொல்றியா?"

மறுநாள் செங்கோதை நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தலைநகரத்துக்குக் கிளம்பினாள். அமைச்சரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு. அரைப்பிடி மண்ணைச் சொல்லிக்காட்டுவதா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. சொல்லிக்காட்டினால் கேவலம், சொல்லாவிட்டால் யாரென்றே தெரியாமல் போகலாம்.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயரைக் கேட்டதும் கார்மேகனார் இருக்கையைவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"கோதையா! வா, வா. நரைச்சுப் போச்சே! உக்காரு முதல்ல. மீன்துறைக்காரங்க குழம்பு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு தரம் வாங்கித் தின்னுட்டு வாங்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களே."

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவர் கண் நிறைந்தது. நடிப்பு இல்லை, செங்கோதைக்குத் தெரியும், படகில் அழுத அதே கண். புன்னை நிழலில் பேசிய பேச்சு, மழைநாளில் கூரை ஒழுகிய விடுதி, எல்லோரும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டிய குளிர்காலம் என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட, அவளும் எடுத்துக் கொடுத்தாள். வந்த வேலையைக்கூடச் சற்று நேரம் மறந்துபோனாள். நாற்காலி ஓரத்தில் நின்றிருந்த செயலர் மட்டும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலம் இனிமே வருமா கோதை? நானே வருஷாவருஷம் பிடிமண் நினைவு விழா நடத்துறேன். பழைய மாணவர்கள்லாம் வந்து அழுவாங்க. நுழைவுக்கு ஒரு கூடை வண்டல்தான். நீ ஏன் வர்றதில்ல?"

செங்கோதைக்கு வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"எம் பொண்ணு தேர்வாகியிருக்கா. நீர்நூலுக்கு. எங்ககிட்ட ஒரு கூடைக்கே மண் இல்லைங்க. பழையபடி ஒரு பிடி கொண்டுவந்தா சேத்துக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அமைச்சரின் முதுகு நிமிர்ந்தது. பேச்சும் கூடவே நிமிர்ந்துகொண்டது.

"அம்மா, சட்டத்தின் முன் அனைவரும் சமம். சலுகை காட்டத் தொடங்கினால் தகுதி என்னாவது? என் சொந்த மகனுக்கே நான் திட்டில் இடம் கேட்கவில்லை."

"அவரு எங்க படிக்கிறாரு?"

"கடல் கடந்து" என்றார் செயலர், பெருமையாக.

அமைச்சர் எழுந்து சாளரத்துப் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது முகத்தில் ஒரு பெரிய முடிவெடுத்த தெளிவு.

"ஆனால் தனிப்பட்ட முறையில் நான் உனக்குக் கடன்பட்டவன். அந்த அரைப்பிடியை நான் மறந்தவன் அல்ல. செயலரே!"

செயலர் உள்ளே போய் ஒரு வெள்ளிச் செப்பைக் கொண்டுவந்தார். இரு கைகளாலும் அதைச் செங்கோதையிடம் நீட்டி, அரசவையில் வாசிப்பதுபோல் சொன்னார்: "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தமது சொந்தத் தோட்டத்திலிருந்து, தமது சொந்தச் செலவில், அரைப்பிடி வண்டல் வழங்குகிறார்கள். செப்பை மட்டும் திருப்பித் தந்துவிட வேண்டும்."

செங்கோதை அந்த மண்ணைப் பார்த்தாள். கறுத்த, ஈரமான, வாசமுள்ள வண்டல். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவமானம் வந்தது. மண்ணைச் சேலைத் தலைப்பில் கொட்டிக்கொண்டு செப்பைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அரண்மனை வாசல் செடி ஒன்றின் அடியில் தலைப்பை உதறினாள்.

"இனி நமக்குள் பாக்கி ஒன்றும் இல்லை!" என்று மாடத்திலிருந்து கார்மேகனார் கையசைத்தார். உண்மையிலேயே பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவும் மகளும் பேரேரிக்குப் போனார்கள். கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மண்கடன் நிலையம் திட்டின் பின்பக்கம் இருந்தது. செங்கோதை படித்து முடித்த பிறகு திட்டுக்கு வருவது இதுவே முதல்முறை. படகு சுற்றிக்கொண்டு போகும்போது தாழையின் தோளைத் தொட்டு, "இந்தப் பக்கம்தான் எங்க சாப்பாட்டுக் கூடம். புன்னை வரிசை இப்பத் தெரியும் பாரு. பூத்திருந்தா வாசனையே கூப்பிடும்" என்றாள். உற்சாகத்தில் அவள் குரலே பெண்பிள்ளைக் குரலாகிவிட்டது.

படகு திரும்பியது. புன்னை வரிசை தெரியவில்லை. கூடமும் தெரியவில்லை. அவை இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் அரசர் முகம் பொறித்த மண்வெட்டிகளோடு ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண்ணை வண்டிகளில் ஏற்றினார்கள். வண்டிகளுக்கு எதிரே பிள்ளைகளும் பெற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். இங்கேதானே அந்தத் தொட்டி இருந்தது, இங்கேதானே நாம் உட்கார்ந்தோம் என்று செங்கோதை கண்ணால் தேடினாள். உட்கார்ந்த தரையே இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. கடன் அதிகாரி இனிமையான மனிதர்.

"வாங்கம்மா. அதிர்ஷ்டக்காரங்க நீங்க. முதல் தரமான மண்ணு. ஆத்து வண்டலெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. தலைமுறை தலைமுறையா ஊறின திட்டு மண்ணு. அதனாலதான் வளர்ச்சியும் கொஞ்சம் கூடுதல்."

"காளவாய் மண்ணு, வாசல் மண்ணெல்லாம் தகுதி இல்லைன்னு சொன்னீங்களே? இதுல அதுதானே இருக்கு?" என்றாள் தாழை.

"கொண்டு வந்தாத்தாம்மா தகுதி இல்ல. நாங்க கடனாக் குடுத்தா தகுதி உண்டு."

"இது நாங்க போட்ட மண்ணு ஐயா. எங்க பாட்டன் பூட்டன் போட்டது. வீட்டுக்கு ஒரு கூடைன்னு போட்டு வந்தது" என்றாள் செங்கோதை.

அதிகாரி கோபப்படவில்லை. "போட்டீங்க, யாரும்மா இல்லைன்னா? போட்ட பிறகு அது அரசாங்க மண்ணு. உங்க மண்ணு உங்க பிள்ளைக்கே கடனா வருதுன்னா சந்தோஷப்படணும்மா. வெளி ஆளுக்கா போகுது?"

"திருப்பிக் கட்டுற வண்டலெல்லாம் எங்க போகுது? இந்தப் பள்ளத்துல வந்து விழக் காணோமே?" என்று மறுபடியும் தாழை கேட்டாள்.

அதிகாரி ஏரியின் மேற்கே கையைக் காட்டினார். அங்கே தண்ணீருக்கு மேல் மூன்று புதிய திட்டுகள் கறுகறுவென்று எழும்பியிருந்தன. மூன்றுக்கும் மதில் இருந்தது, வளைவு வாசல் இருந்தது. ஒன்று அரசரின் மாமனாருக்கும், ஒன்று அமைச்சர் கார்மேகனாரின் மைத்துனருக்கும் சொந்தம். மூன்றாவது யாருடையது என்று சொல்ல அதிகாரிக்கு அனுமதி இல்லை. "அங்கயும் கல்விதாம்மா நடக்குது. கல்விக்குக் கொடுத்தது கல்விக்குத்தான் போகுது. அங்க சேர நூறு வண்டி" என்றார்.

தாழை பள்ளத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். அடியில் ஈரம் கசிந்து மினுமினுத்தது.

"அம்மா, இன்னும் ரெண்டு ஆள் ஆழம் வெட்டினா ஏரி உள்ள வந்துரும். மேல இருக்கிற மொத்தமும் இறங்கிரும். இது இவங்களுக்குத் தெரியாதா?"

"நீர்நூல் படிச்சவங்க யாராச்சும் சொன்னா சரி பாக்கலாம்மா" என்றார் அதிகாரி, ரேகை வைக்கும் மையை நகர்த்திக்கொண்டே. "படிக்கணும்னா இங்க ஒரு பெருவிரல்."

தாழை அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் படகேறியிருப்பாள். அந்தச் சொல் செங்கோதையின் நாக்குவரை வந்தது. மருதப்பனின் இருமலும் கூடவே காதில் கேட்டது. அவள் மகளின் கையைப் பிடித்து, தானே மையில் தோய்த்து, அதிகாரி காட்டிய இடத்தில் வைத்தாள்.

வண்டி பின்பக்கத்திலிருந்து முன்பக்கப் படித்துறைக்கு உருண்டது. அம்மாவும் மகளும் பின்னாலேயே நடந்தார்கள். மண்ணைக் கொட்டியதும் மணி அடித்தார்கள். தாழை குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். நிமிர்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். செங்கோதைக்கு அந்த ஒரு நொடி சந்தோஷம்தான். யார் என்ன சொன்னாலும் மகள் திட்டுக்குள் போய்விட்டாள்.

படகுக்காகப் பின்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. நடக்கும்போது ஒரு வண்டி அவளைக் கடந்தது. தாழை கொட்டிய அதே மண். ஆட்கள் மறுபடி அள்ளிப்போட்டு வந்த வழியே கொண்டுபோனார்கள். நிலையத்தில் வரிசையின் முன்னால் ஒருவர் மகளோடு நின்றார். தோளில் துண்டு, வெடித்த பாதம், உப்பளத்துக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. வண்டி அவர் முன்னால் நின்றதும் அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

செங்கோதையால் பேசாமல் போக முடியவில்லை. "ஐயா, அது இப்பத்தான் எம் பொண்ணு கொட்டின மண்ணு" என்றாள்.

"அப்படியாம்மா? உங்க பொண்ணு நல்லா இருக்கணும். உங்க புண்ணியத்துல எம் பிள்ளைக்கும் கிடைச்சிருச்சு" என்று அவளையும் சேர்த்துக் கும்பிட்டார். "நீங்களும் இங்கதான் படிச்சீங்களா?"

"ஆமா. ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்ப எவ்வளவு மண்ணும்மா கேட்டாங்க?"

"ஒரு பிடி" என்றாள். அவர் முகத்தைப் பார்த்து, வலது கையை மூடியும் காட்டினாள். "வீட்டு வாசல் மண்ணு. வேற ஒண்ணும் கிடையாது. படகுகூடக் கூலி வாங்கமாட்டாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா நல்லாக் கதை சொல்றாங்க என்று ஒருத்தி பின்னால் இருந்தவளுக்குச் சொன்னாள். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போயிற்று. உப்பளத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மூடிய அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்:

"உங்களுது ஒரு பிடி, சரிம்மா. மீதி வண்டிய எங்க கடன் வாங்குனீங்க?"